ஒற்றைப் பல்சக்கர சைக்கிளுக்கு எந்தக் கியர்? வழியில் மேடு, பின்சீட்டில் மகள்

காலைமிதி எழுதியது:

வணக்கம். என் சைக்கிள் இரும்புச் சட்டம், கியர் கிடையாது. பற்களை எண்ணிப் பார்த்தேன்: முன்னால் 44, பின்னால் 18. டயரில் 700×35 என்று போட்டிருக்கிறது. தினமும் காலையில் மகளைப் பின்சீட்டில் வைத்துப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். வழியில் ஒரு நீளமான மேடு. கைபேசி வரைபடம் அதைச் சராசரி 6 சதவீத ஏற்றம் என்கிறது.

அவள் சின்னவளாக இருந்தவரை எழுந்து நின்று மிதித்தே ஏறிவிடுவேன். இப்போது அவள் 18 கிலோ. எழுந்து நின்றால் வண்டி இரண்டு பக்கமும் ஆடுகிறது, அவள் பயந்து என் முதுகைப் பிடித்துக்கொள்கிறாள். உட்கார்ந்தே மிதித்தால் முட்டிக்குக் கீழே வலி பிடிக்கிறது. கடைசியில் இறங்கித் தள்ளுகிறேன். நான் 60 கிலோ, வண்டியும் சீட்டும் பைகளும் 22 கிலோ, எல்லாம் சேர்த்து 100.

கேட்டவர்கள் எல்லோரும் "21 கியர் செட் மாட்டிவிடு" என்கிறார்கள். ஒருவர் வேறு வண்டி வாங்கச் சொன்னார். இந்த வண்டியை விட எனக்கு மனமில்லை. உட்காரும் உயரமும் ஹேண்டிலும் என் உடம்புக்குப் பொருந்தியிருக்கின்றன, மகளின் சீட் அசையாமல் நிற்கிறது. இதிலேயே கியர் மாட்ட முடியுமா? 21 வேண்டுமா? எத்தனை பல் என்று எப்படி முடிவு செய்வது?

பல்லெண்ணி எழுதியது:

முடியும். 21-ங்கிற எண்ணை மட்டும் தூக்கி ஓரமா வச்சிடுங்க. அது முன்னால மூணு, பின்னால ஏழு, ரெண்டையும் பெருக்கி வந்தது. அதுல பாதிக்குப் பாதி ஒண்ணோட ஒண்ணு கிட்டத்தட்ட ஒரே கியரா இருக்கும். சிலதுல செயின் கோணலா ஓடுறதால பயன்படுத்தவே கூடாது. உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை இல்ல. அந்த மேட்டுல உட்கார்ந்தபடியே ஏற்றிவிடுற ஒரு கீழ் கியர்தான். அதை முதல்ல முடிவு பண்ணுங்க, மிச்சம் எல்லாம் அதிலிருந்து தானா வரும். கியர் வாங்குற பெரும்பாலானவங்க இதைத் தலைகீழா செய்றாங்க, எனக்கு இது மனசுக்கு ரொம்ப வருத்தமான விஷயம். வேகமா போற கியரைப் பார்த்து வாங்கிட்டு, மேட்டுல பழையபடி இறங்கித் தள்ளுவாங்க.

கணக்கு இதுதான். முன் பல்லைப் பின் பல்லால வகுங்க: 44/18 = 2.44. பெடல் ஒரு சுற்று வந்தா பின்சக்கரம் 2.44 சுற்று வரும். 700×35 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.17 மீட்டர் உருளும். ஆக ஒரு மிதி சுற்றுக்கு வண்டி 5.3 மீட்டர் நகருது. சமதரைக்கு இது நல்ல கியர். நிமிஷத்துக்கு 70 சுற்று மிதிச்சா மணிக்கு 22 கிலோமீட்டர்.

இப்ப மேடு. 100 கிலோவை 6 சதவீதத்துல ஏத்த, டயர் உருளுற எதிர்ப்பையும் சேர்த்து ஏறக்குறைய 65 நியூட்டன் விசை வேணும். நீங்க நிதானமா தொடர்ந்து 120 வாட் தர்றீங்கன்னு வைப்போம். பயிற்சி எடுக்காத, ஆனா தினம் மிதிக்கிற ஒருத்தருக்கு இது நியாயமான எண். 120-ஐ 65-ஆல வகுத்தா விநாடிக்கு 1.85 மீட்டர், அதாவது நிமிஷத்துக்கு 111 மீட்டர், மணிக்கு 6.6 கிலோமீட்டர். உங்க கியர்ல இந்த வேகத்துக்குப் பெடல் நிமிஷத்துக்கு 21 தடவைதான் சுத்தும். அந்த வேகத்துல ஒவ்வொரு மிதியும் ஒரு கனத்தைத் தூக்குற மாதிரி முட்டியில இறங்கும். உங்களுக்கு வலி வர்றதுக்குக் காரணம் பலவீனம் இல்ல, பல்லோட எண்ணிக்கை. அதே கியர்ல வசதியா 60 சுற்று மிதிக்கணும்னா காற்றைக் கணக்குல சேர்க்காமலே 340 வாட்டுக்கு மேல வேணும். பந்தயக்காரங்களே நீண்ட ஏற்றத்துல மூச்சு வாங்குற அளவு அது.

சுமையோட ஏறும்போது பெடல் நிமிஷத்துக்கு 50-க்குக் குறையாம இருந்தா முட்டி தாங்கும். 111-ஐ 50-ஆல வகுங்க. 2.2 மீட்டர். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் நகர்ற கியர்னா முன்னாலும் பின்னாலும் ஏறக்குறைய ஒரே பல் எண்ணிக்கை. இதுதான் உங்க இலக்கு.

இதை வச்சு எளிய வழிகளை முதல்ல தள்ளிப் பார்ப்போம். பின்னால 18-க்குப் பதில் 22 பல் ஃப்ரீவீல் (பின்சக்கரத்துல திருகி மாட்டுற பல்சக்கரம்) மட்டும் மாத்தினா 4.34 மீட்டர், 26 சுற்று. லேசான மேட்டுக்குப் போதும், உங்க மேட்டுக்குப் போதாது. (1937 வரைக்கும் டூர் தி பிரான்ஸ் பந்தயத்துல டிரெய்லியருக்கு, அதாவது செயினை ஒரு பல்லுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற கருவிக்கு, அனுமதி கிடையாது. பின்சக்கரத்துல ரெண்டு பக்கமும் வேற வேற பல் வச்சுக்கிட்டு, மலை அடிவாரத்துல இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிட்டு ஏறுவாங்க. மகளைப் பின்னால வச்சுக்கிட்டு அதைச் செய்ய முடியாது.) 44-ஐ முன்னால அப்படியே விட்டுட்டு, பின்னால பெரிய பல் 34 உள்ள 7 கியர் ஃப்ரீவீல் போட்டாலும் 2.8 மீட்டர்தான், 39 சுற்று. அதனால முன் பல்லையும் குறைச்சே ஆகணும்.

என் யோசனை: முன்னால ஒரே ஒரு 34. பின்னால 14-16-18-20-22-24-34 ஃப்ரீவீல். கீழ் கியர் 2.17 மீட்டர், மேல் கியர் 34/14, அதாவது 5.27 மீட்டர். இப்ப உங்ககிட்ட இருக்குற ஒரே கியர் அப்படியே உச்சக் கியரா நிக்கும், மத்த ஆறும் அதுக்குக் கீழ இறங்கும். எதையும் இழக்கல.

வாங்குறதுக்கு முன்னால நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. சட்டத்துல காந்தம் ஒட்டுதா? பின்சக்கரத்தைக் கழற்றிட்டு, அச்சு உட்கார்ற ரெண்டு தகடுக்கும் நடுவுல உள் அளவு எத்தனை மி.மீ.? அந்தத் தகட்டோட வாய் எந்தப் பக்கமா திறந்திருக்கு? பெடலைப் பின்பக்கமா மிதிச்சா பிடிக்கிற பிரேக்கா உங்களுடையது? கடைசிக் கேள்வி முக்கியம். அப்படி இருந்தா, டிரெய்லியர் போட்டதும் அந்த பிரேக் போயிடும், வேற பின் பிரேக் மாட்டாம வண்டியை எடுக்கக் கூடாது.

மழைச்சாலை எழுதியது:

குழந்தையோடு போகிற வண்டிக்கு நான் ஹப்புக்குள், அதாவது பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள், இருக்கும் கியரையே சொல்வேன். வெளியே தொங்கும் பாகம் எதுவும் இல்லை, வண்டி சாய்ந்து விழுந்தாலும் வளைய ஒன்றுமில்லை. செயின் நேராக ஓடுவதால் முழுச் செயின் கவரையும் வைத்துக்கொள்ளலாம். மழையிலும் சேற்றிலும் மிதிக்கிற எனக்கு இது பெரிய நிம்மதி. எல்லாவற்றையும்விட, நின்ற இடத்திலேயே கியர் மாற்றலாம். சிக்னலில் தவறான கியரில் நின்றுவிட்டால் டிரெய்லியர் வண்டியில் மிதித்தால்தான் மாறும். பின்னால் குழந்தை இருக்கும்போது அந்த முதல் இரண்டு மிதிகள் தள்ளாட்டம்.

ஆனால் 3 கியர் ஹப் வேண்டாம். ஸ்டர்மி-ஆர்ச்சர் 1902-லிருந்து செய்துவரும் வகை அது, உழைப்புக்குக் குறைவில்லை. அவர்களுடைய ஏ.டபிள்யூ. ஹப்பின் விகிதங்கள் 75, 100, 133 சதவீதம். உங்கள் 5.3 மீட்டரை மூன்றாவது கியராக வைத்தால் முதல் கியர் 3 மீட்டருக்கு அருகில் வரும். பல்லெண்ணி சொன்ன 2.2-ஐ அது தொடாது. 8 கியர் ஹப் என்றால் தொடும். ஷிமானோ நெக்சஸ் 8-ன் வீச்சு 307 சதவீதம், மேலே 5.3 வைத்தால் கீழே 1.73 மீட்டர் கிடைக்கும். எடை கூடும், சக்கரத்தைப் புதிதாகப் பின்ன வேண்டும், அச்சு திரும்பாமல் பிடிக்கும் வாஷர்களைச் சட்டத்தின் வாய்க்குத் தகுந்தபடி தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே பழுதானால் எல்லோராலும் பிரிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலைமிதி எழுதியது:

இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. வலிக்குக் காரணம் நான் இல்லை, பல்தான் என்று படித்தபோது மனம் லேசானது.

காந்தம் நன்றாக ஒட்டுகிறது. உள் அளவு 120 மி.மீ. வாய் முன்பக்கமாகத் திறந்திருக்கிறது. பிரேக் இரண்டும் கையால் பிடிப்பவை, பின் பெடல் பிரேக் இல்லை. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) குறுக்கே ஒரு ஆணி அடித்துப் பிடித்திருக்கும் வகை. 44 பல் சக்கரம் கிராங்க்கோடு ஒட்டியே இருக்கிறது, தனியாகக் கழற்ற வழி தெரியவில்லை.

ஹப் கியர் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பழுது பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பஞ்சர் ஒட்டுவது, செயின் மாற்றுவது எல்லாம் நானே செய்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற டிரெய்லியர் என்றால் கற்றுக்கொள்ள முடியும் என்று தோன்றுகிறது.

கோட்டமெடுப்பவர் எழுதியது:

நான் சக்கரம் பின்னுகிறவன், ஒரே ஒரு விஷயம் சொல்ல வந்தேன். பல்லெண்ணி சொன்ன 14-34 ஃப்ரீவீல் ஹப்பில் திருகி மாட்டுகிற வகை. அதில் வலது பக்க பேரிங், ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து சட்டம் வரை அச்சுக்குத் தாங்கலே இல்லை. பின்சீட்டில் ஆள் உட்காருகிற வண்டிகளில் அச்சு வளைந்து, பிறகு ஒடிந்து என் கைக்கு வந்தவை ஏராளம். கேசட் (பல் அடுக்கு மட்டும்) ஏறும் ஃப்ரீஹப்பில் (ஃப்ரீவீலின் வேலை ஹப்பிலேயே இருக்கும் வகை) அந்தப் பேரிங் வெளி ஓரத்துக்கு வந்துவிடுகிறது, அச்சு தாங்கும். குழந்தை உட்காரும் வண்டி, வளர வளர எடையும் கூடும். ஃப்ரீஹப் போடுங்கள், அதுவும் நட் போட்டு இறுக்கும் முழு அச்சு உள்ளதாக.

இன்னொன்று: 24-லிருந்து ஒரேயடியாக 34-க்குத் தாவும்போது கால் திடீரென்று வெறுமையில் சுற்றும். மேட்டின் நடுவில் அது நல்லதல்ல.

பல்லெண்ணி எழுதியது:

கோட்டமெடுப்பவர் சொல்றதை முழுசா ஏத்துக்கிறேன். எப்படியும் பின்சக்கரம் மாறப்போகுது, அப்ப ஃப்ரீஹப்தான் சரி. கணக்கை மாத்திடுவோம்.

பின்னால 8 கியர் கேசட், 11-13-15-18-21-24-28-32. முன்னால 42-32-22 கிராங்க், அதுல நடு 32 மட்டும்தான் உங்க வேலைக்கு. கீழ் கியர் 32/32, 2.17 மீட்டர், உங்க மேட்டுல 51 சுற்று. அதுக்கு மேல 2.48, 2.89, 3.31, 3.86, 4.63-ன்னு படிப்படியா ஏறும், எங்கேயும் அந்தப் பெரிய தாவல் இல்ல. 13 பல்லுல 5.34 மீட்டர், கிட்டத்தட்ட உங்க பழைய கியர். காற்று பின்னாலிருந்து வீசுற நாளுக்கு 11 பல் ஒண்ணு மிச்சம்.

ஏன் மூணு பல்சக்கரக் கிராங்க், ஏன் முன் டிரெய்லியர் வேண்டாம்னு கேப்பீங்க. நடு 32-ல செயின் ஓடும்போது வெளியே இருக்குற 42 ஒரு காப்பு வளையமா நிக்கும், துணி செயின்ல சிக்குறது குறையும். உள்ளே இருக்குற 22 அவசரத்துக்கு. உடம்பு முடியாத நாள், கூடுதல் சுமை இருக்குற நாள், மேட்டுக்கு அடியில நிறுத்தி விரலால செயினை 22-க்கு இறக்கிக்கலாம். 22/32 ஒரு சுற்றுக்கு 1.49 மீட்டர், நிமிஷத்துக்கு 74 சுற்றுல ஏறிடுவீங்க. முன் ஷிஃப்டர் (கியர் மாத்துற லிவர்), கேபிள் எல்லாம் இல்லாததால பழுதும் குறைவு.

ஆணி அடிச்ச கிராங்க்கைக் கழற்றினா அதோட அச்சும் மாறும். அடிக்குழாயோட (கிராங்க் அச்சு உட்கார்ற குழாய்) அகலம் 68 மி.மீ., திருகு 1.37 அங்குலமான்னு பார்த்துட்டு சதுர முனை அச்சு வாங்குங்க. அந்தத் திருகுல வலது பக்கக் கிண்ணம் இடது திருகு, அதாவது கழற்ற வலப்பக்கமா சுத்தணும். இது தெரியாம பலர் குழாயைக் கெடுத்துடுறாங்க. அச்சோட நீளம் கிராங்க் தயாரிப்பாளர் சொல்ற அளவுல இருக்கணும். மாட்டினதும் பின்னாலிருந்து குனிஞ்சு பாருங்க, முன் 32-ம் கேசட்டோட நடுவும் ஏறக்குறைய ஒரே கோட்டுல இருக்கணும்.

சட்டத்தை விரிக்கிறது. 8 கியர் ஃப்ரீஹப் 130 மி.மீ. அகலத்துலயும் வரும், 135-லயும் வரும். 130 எடுங்க. உங்களுடையது 120, ஆக ஒரு பக்கத்துக்கு 5 மி.மீ. இரும்புச் சட்டம் இதைத் தாங்கும். (அலுமினியமா இருந்தா தொடவே கூடாதுன்னு சொல்லியிருப்பேன், அதுக்குத்தான் காந்தம் கேட்டேன்.) சக்கரத்தைத் திணிச்சு மாட்டி விரிக்காதீங்க, ரெண்டு பக்கமும் தனித்தனியா, கொஞ்சம் கொஞ்சமா வளைக்கணும். சரியா வந்துச்சான்னு பார்க்க ஒரு நூல் போதும். ஒரு பக்கத் தகட்டுல கட்டி, முன்னால ஹேண்டில் குழாயைச் சுத்தி, மறு பக்கத் தகட்டுக்கு இழுத்துக் கட்டுங்க. சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். அதுக்கப்புறம் ரெண்டு தகடும் ஒண்ணுக்கொண்ணு இணையா நிக்குதான்னு பார்க்கணும், இல்லேன்னா புது அச்சும் வளையும். இந்த ஒரு வேலையை மட்டும் அனுபவமுள்ள கைகிட்ட விடுங்க.

உங்க சட்டத்துல டிரெய்லியர் மாட்ட காது இருக்காது. வாய் முன்பக்கம் திறந்திருக்குறதால, அச்சோட சேர்த்து நட் போட்டு இறுக்குற கொக்கித் தகடு உள்ள டிரெய்லியர் சரியா உட்காரும். நீளக் கை (செயினை இழுத்துப் பிடிக்கிற கீழ்ப் பகுதி) உள்ளதா எடுங்க. எவ்வளவு செயின் தொய்வை அது இழுத்துப் பிடிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு: முன்னால பெரிசுக்கும் சின்னதுக்கும் வித்தியாசம் 20, பின்னால 21, மொத்தம் 41 பல். நீளக் கை வகைகள்ல 43 பல் வரைக்கும் தாங்குறது உண்டு. வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்க. குட்டைக் கை இதுல திணறும்.

செயின் புதுசு வேணும். ஒற்றைப் பல்லுக்கான உங்க பழைய செயின் 1/8 அங்குல அகலம், கேசட் பல்லுக்கு நடுவுல உரசும். 6, 7, 8 கியருக்குன்னு எழுதியிருக்குற 3/32 செயின்தான். நீளத்துக்கு, டிரெய்லியருக்குள்ள விடாம முன் 42-லயும் பின் 32-லயும் சுத்திப் போட்டு, அதுக்கு மேல ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்க. 42-ஐ நீங்க பயன்படுத்த மாட்டீங்கதான். ஆனா வேற யாராவது தெரியாம அதுல ஏத்திட்டா செயின் விறைச்சு டிரெய்லியரைப் பிச்சு எறியும். அதனால அந்த அளவுலேயே வெட்டுங்க.

இனி சரிசெய்றது. கேபிளை மாட்டுறதுக்கு முன்னாலேயே ரெண்டு எல்லை ஸ்க்ரூவையும் முடிச்சிடணும். ஹெச் எழுத்து போட்டது சின்னப் பல் பக்கத்துக்கு: டிரெய்லியரோட மேல் உருளை 11 பல்லுக்கு நேர் கீழ நிக்கிற வரைக்கும் திருப்புங்க. எல் எழுத்து பெரிய பல் பக்கத்துக்கு: கையால டிரெய்லியரை உள்ளே தள்ளிப் பிடிச்சு, உருளை 32 பல்லுக்கு நேர் கீழ வந்ததும் அதைத் தாண்டிப் போகாத மாதிரி இறுக்குங்க. இந்த எல் ஸ்க்ரூதான் குழந்தை வண்டியில உயிரான விஷயம். அது தளர்வா இருந்தா, மேட்டுல கடைசிக் கியர் போடும்போது செயின் 32-ஐத் தாண்டி ஸ்போக்குக்குள்ள விழும், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கும். கேசட்டுக்குப் பின்னால வர்ற பிளாஸ்டிக் தட்டை அசிங்கமா இருக்குன்னு கழற்றி எறியச் சொல்வாங்க, எறியாதீங்க.

அப்புறம் 11 பல்லுல வச்சு, கேபிளைத் தொய்வில்லாம இழுத்துப் பிடிச்சு இறுக்குங்க. ஒரு கிளிக் போட்டா 13-க்குப் போகணும். தயங்கினா டிரெய்லியர்கிட்ட கேபிள் நுழையுற இடத்துல இருக்குற உருளைத் திருகை இடப்பக்கமா அரைச் சுற்று, திரும்பவும் பாருங்க. ஒரே கிளிக்குக்கு ரெண்டு பல் தாவினா வலப்பக்கமா. 32-ல மேல் உருளை பல்லோட உரசினா டிரெய்லியர் மேல்முனையில இருக்குற மூணாவது ஸ்க்ரூவை உள்ளே திருப்புங்க. 5, 6 மி.மீ. இடைவெளி போதும்.

ஷிஃப்டர் 8 கிளிக்குக்கானதா, டிரெய்லியரோட ஒரே நிறுவனத்துடையதா இருக்கட்டும், வேற வேற நிறுவனம்னா ஒரு கிளிக்குக்கு இழுக்குற கேபிள் நீளம் பொருந்தாது. ஷிமானோ 1984-ல கிளிக் முறையைக் கொண்டுவந்து அது பரவுறதுக்கு முன்னால எல்லாரும் கிளிக் இல்லாத லிவர்லதான் மாத்தினாங்க. அந்த மாதிரி லிவர் கிடைச்சா அதுவும் நல்லதுதான், எந்த அளவுக்கும் பொருந்தும். ஆனா மகளோட பேசிக்கிட்டே மிதிக்கிற உங்களுக்குக் கிளிக் எளிது.

காலைமிதி எழுதியது:

எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். சட்டம் விரிப்பதும் சக்கரம் பின்னுவதும் தெரிந்தவரிடம், மற்றது நானே. ஒரு சந்தேகம்: மேட்டில் எப்போது கியரைக் குறைக்க வேண்டும்? ஏற ஆரம்பித்த பிறகா, அதற்கு முன்பா?

பல்லெண்ணி எழுதியது:

முன்பே. டிரெய்லியர் செயின் ஓடும்போதுதான் மாத்தும், அதுவும் காலை லேசா வச்சாத்தான் சத்தமில்லாம மாத்தும். முழு பலத்தோட மிதிக்கும்போது லிவரை அழுத்தினா செயின் பல் மேல ஏறி நழுவும். மேட்டு அடிக்கு இருபது முப்பது மீட்டர் இருக்கும்போதே ரெண்டு கியர் இறக்கிடுங்க. அங்கிருந்து பெடல் கனமாக ஆரம்பிக்கிற ஒவ்வொரு முறையும் ஒண்ணு. கடைசி 32-ஐ மேட்டோட செங்குத்தான இடத்துக்கு முன்னால போட்டுடுங்க, அங்கே போய் போடாதீங்க.

மாட்டின புதுசுல கேபிள் கொஞ்சம் தொய்யும், கியர் தயங்க ஆரம்பிக்கும். அந்த உருளைத் திருகை இடப்பக்கம் கால் சுற்று திருப்பினா சரியாயிடும். முதல் தடவை மகள் இல்லாம, பைகளை மட்டும் கட்டிக்கிட்டு அந்த மேட்டை ஏறிப் பாருங்க. வீட்டுக்கு வந்ததும் பின் அச்சு நட்டையும் கிராங்க் போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்கிட்டு, அப்புறம் அவளை ஏத்துங்க. அவளோட பாதம் ஸ்போக்குக்குள்ள போகாம சீட்டுல ரெண்டு பக்கமும் தடுப்பு இருக்கான்னும் அப்பவே பார்த்திடுங்க.